கதை எழுதுறவங்களுக்கு வீடியோ கேம்ல என்ன வேலை?

கேட்டிருக்கிறது இதுதான்: சிறுகதை, நாவல்னு எழுதிட்டு இருக்கிற ஒருத்தர் வீடியோ கேமுக்குக் கதை குடுக்க முடியுமா, அங்க அவருக்கு நிஜமாவே என்ன வேலை இருக்கும், கையில தயாரா இருக்கிற ஒரு கதைய ஸ்டூடியோவுக்கு அனுப்பினா எடுத்துக்குவாங்களா.

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், எடுத்துக்க மாட்டாங்க. பெரிய ஸ்டூடியோ பலதுல கேக்காம வர்ற கதைய பிரிச்சே பாக்க மாட்டாங்க, நாளைக்கு அதே சாயல்ல ஒரு கேம் வந்து நீங்க கேஸ் போட்டா என்ன பண்றதுங்கற பயம். அதவிட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, அங்க ஐடியாவுக்குப் பஞ்சமே கிடையாது. படம் வரையிறவர்லேர்ந்து டெஸ்டிங் பண்றவர் வரைக்கும் ஆளுக்கு நாலு கதை மனசுல வச்சிருப்பாங்க. பிளேயர் என்ன பண்ணினாலும் அதுக்குத் தக்க வளையற, ஆனா உடஞ்சு போகாத கதைய எழுதறதுக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டேங்குது. நான் கேமுக்கு டயலாக் எழுதற வேலையில இருக்கறதால இத அடிச்சு சொல்ல முடியும். நாவலிஸ்ட்கள் டிசைனரோட உக்காந்து அந்த மெஷினுக்குள்ள கைய விட்டப்பல்லாம் புதுசா ஏதோ ஒண்ணு பொறந்திருக்கு. அதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் நாப்பது வருஷத்துக்கு முந்தினது.

1984-ல டக்ளஸ் ஆடம்ஸ், இங்கிலாந்து எழுத்தாளர், தன்னோட ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடுங்கற விண்வெளி நகைச்சுவைக் கதைய கேமா பண்றதுக்காக இன்ஃபோகாம் கம்பெனியோட சேர்ந்தார். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜ்ல இருந்த கம்பெனி அது, அவங்க பண்ற கேம்ல படமே இருக்காது, ஸ்க்ரீன்ல வெறும் எழுத்துதான் வரும், நீங்க கதவைத் திற, விளக்கைப் போடுன்னு டைப் அடிக்கணும், அது பதில் எழுதும். ஆடம்ஸ் ஏற்கெனவே இவங்க கேமுக்கு ரசிகர். அவரோட ஜோடி சேர்ந்து வேலை பார்த்தவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி, அதுக்கு முந்தின வருஷம்தான் பிளானட்ஃபால்னு ஒரு கேம் எழுதி பேர் வாங்கியிருந்தார். ஆடம்ஸ் சொன்ன தேதிக்கு எதையும் எழுதி முடிக்க மாட்டார்னு உலகத்துக்கே தெரியும், அதனால கடைசியில மெரெட்ஸ்கி ஃப்ளைட் ஏறி இங்கிலாந்துக்கே போயிட்டார், டெவன் பக்கம் ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒரு ஹோட்டல்ல அவரோட உக்காந்து மிச்ச டிசைனை முடிச்சுட்டு வந்தார்.

இப்ப அந்த கேமுக்குள்ள நடக்கற ஒரு விஷயத்தைப் பாருங்க. இந்த மாதிரி கேம்ல என் கையில என்னென்ன இருக்குன்னு கேட்டா ஒரு லிஸ்ட் வரும். புரோகிராமருக்கு அது ஒரு டேபிள், அவ்வளவுதான். ஆடம்ஸ் அந்த லிஸ்ட்ல ஒரு பொருளைச் சேத்தார், அதோட பேர் ‘டீ இல்லை’. ஆமா, டிரஸ்ஸிங் கவுன் இருக்கு, துண்டு இருக்கு, ‘டீ இல்லை’யும் இருக்கு. ஹீரோ ஆர்தர் டென்ட் ஒரு நல்ல டீக்காக விண்வெளி பூரா ஏங்கறவன், அந்த ஏக்கத்தையே அவன் கையில ஒரு பொருளா குடுத்துட்டார். பின்னாடி ஒரு கதவு வரும், புத்திசாலின்னு நிரூபிச்சாதான் திறக்கும், அதுக்கு டீயும் கையில இருக்கணும் ‘டீ இல்லை’யும் கையில இருக்கணும், ரெண்டும் ஒரே நேரத்துல. அது எப்படி நடக்கும்னா, ஹீரோ தன் மூளைக்குள்ளயே போய் அங்க இருக்கிற காமன் சென்ஸை ஒரு துகளா எடுத்து வெளிய போட்டுட்டு வரணும், அதுக்கப்புறம் ரெண்டையும் வச்சுக்கறதுல அவனுக்கு ஒரு தடங்கலும் இல்ல. இன்னொரு இடத்துல கேமே பிளேயர்கிட்ட பொய் சொல்லும், அந்த ரூமுக்குப் போகாதீங்க ஆபத்துன்னு தடுக்கும், மீறிப் போனா இங்க ஒண்ணுமே இல்லன்னு சாதிக்கும், விடாம நின்னாதான் ஒத்துக்கிட்டு உள்ள இருக்கறதைக் காட்டும்.

இதெல்லாம் புத்தகத்துலேர்ந்து பிச்சு எடுத்து ஒட்டினதா இருந்தா இப்படி வந்திருக்காது. லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, டைப் அடிச்சா பதில் வருதுன்னு ஒண்ணு இருக்கு, இத வச்சு பிளேயர் மனசை எப்படிக் கிள்ளலாம்னு ஒரு எழுத்தாளர் யோசிச்சிருக்கார். கதை அந்த லிஸ்ட்டுக்குள்ளயே நடக்குது. கேம்ல எழுத்தாளரோட பங்களிப்புன்னு யாராவது கேட்டா நான் முதல்ல காட்டற இடம் இதுதான்.

சில சமயம் எழுத்தாளருக்கே கேம் ஆளு பாடம் எடுத்திருக்காங்க. ஹார்லன் எலிசன் 1967-ல ஒரு சிறுகதை எழுதினார், ஐ ஹேவ் நோ மவுத் அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம். ஒரு ராட்சச கம்ப்யூட்டர் மனுஷ இனத்தையே அழிச்சுட்டு அஞ்சே அஞ்சு பேரை மட்டும் உயிரோட வச்சு நூறு வருஷத்துக்கு மேல சித்திரவதை பண்ணிட்டு இருக்கும். ரொம்ப இருட்டான கதை, பரிசெல்லாம் வாங்கினது. 90-கள்ல இத கேமாக்க சைபர்ட்ரீம்ஸ் கம்பெனி முடிவு பண்ணி டேவிட் சியர்ஸ்னு ஒரு டிசைனரை எலிசன் வீட்டுக்கு அனுப்பினாங்க. எலிசன்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாது, டைப்ரைட்டர்ல தட்டற ஆளு. சியர்ஸ் போய் கேட்ட கேள்வி ரொம்ப சாதாரணமானது: கோடிக்கணக்கான ஜனத்துல அந்த கம்ப்யூட்டர் ஏன் இந்த அஞ்சு பேரை மட்டும் வச்சுக்கிச்சு?

கதையில அதுக்கு பதிலே இல்ல, சிறுகதைக்குத் தேவையும் இல்ல, அஞ்சு பேரு மாட்டிக்கிட்டாங்கங்கறதே போதும். ஆனா கேம்ல அப்படி விட முடியாது, ஏன்னா பிளேயர் அந்த அஞ்சு பேரா ஆகப் போறார், அவங்க கையால ஏதாவது பண்ணப் போறார், என்ன பண்ணலாம் என்ன பண்ணக்கூடாதுங்கறது அந்த ஆளோட கடந்த காலத்துலேர்ந்துதான் வரணும். எலிசன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழைய குற்றமோ காயமோ எழுதினார். எலன்ங்கற பொண்ணு மஞ்சக் கலரைக் கண்டா ஏன் நடுங்கறா, நிம்டாக்ங்கற கிழவர் நாஜி முகாம்ல என்ன பண்ணிட்டு இருந்தார்னு ஆளுக்கு ஒரு அத்தியாயம் ஆச்சு. 1995-ல கேம் வெளிவந்துச்சு, அந்த ராட்சசக் கம்ப்யூட்டருக்குக் குரல் குடுத்ததும் எலிசனேதான். ஜெர்மனியிலயும் பிரான்ஸ்லயும் நிம்டாக் பகுதிய வெட்டிட்டு ரிலீஸ் பண்ணினாங்க, அப்புறம் பாத்தா அங்க விளையாடினவங்களால நல்ல முடிவுக்குப் போகவே முடியல, அந்த முடிவுக்கு நிம்டாக்கோட மனமாற்றமும் தேவைப்பட்டது. கேம்ல கேரக்டரோட பின்கதைங்கறது அலங்காரம் கிடையாதுங்கறதுக்கு இதவிட தெளிவா ஒரு சாட்சி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சரி, தினசரி வேலை எப்படி இருக்கும்னு கேட்டா, பெரும்பாலும் எக்செல் ஷீட்தான். ஒரு கோட்டை வாசல்ல காவக்காரன் நிக்கிறான்னு வைங்க. சிறுகதையில அவனுக்கு ஒரு நல்ல வரி எழுதிட்டு நீங்க நகர்ந்துடலாம். கேம்ல பிளேயர் எப்ப வருவார், எதை முடிச்சுட்டு வருவார், எத்தன தடவ வருவார், எதுவும் உங்க கையில இல்ல. அதனால இப்படி எழுதணும்:

முதல் தடவ வந்தா: “யாரது? பொழுது சாஞ்சா கதவு திறக்காது, காலையில வா.”

திரும்ப வந்தா: “இன்னும் போகலியா நீ?”

சாவியோட வந்தா: “அந்தச் சாவி உன் கைக்கு எப்படி வந்துச்சு?”

வர்ற வழியில பிளேயர் அவன் தம்பிய கொன்னுட்டு வந்திருந்து, சேதி இன்னும் இவனுக்கு வரலன்னா: “எந்தம்பிய எங்கயாவது பாத்தியா? மத்தியானமே வரேன்னான், ஆளக் காணோம்.”

கடைசி வரிய பாருங்க, அதுல ஒரு அலங்காரமும் இல்ல. ஆனா அத கேக்கற பிளேயருக்கு வயித்துல ஒரு பிசை பிசையும், ஏன்னா கொன்னது அவர் கை. நாவல்ல வாசகருக்குப் பரிதாபம் வரும், பயம் வரும், ஆனா குற்ற உணர்ச்சிய அவர் தலையில கட்டறது ரொம்பக் கஷ்டம். கேம்ல அது ஒரு வரியில நடக்கும். ஆனா அந்த ஒரு வரிக்காக ‘தம்பி செத்தாச்சு’, ‘அண்ணனுக்குத் தெரியாது’ன்னு ரெண்டு விஷயத்தை கேம் ஞாபகம் வச்சுக்கற மாதிரி புரோகிராமர் பண்ணணும், அதனால அவர்கிட்ட உக்காந்து பேசற குணம் உங்களுக்கு வேணும். ஷீட்ல வசனத்துக்குப் பக்கத்துலயே எந்த நிலைமையில இது வரணும், குரல் குடுக்கிறவர் எந்தத் தொனியில பேசணும்னு தனித்தனி கட்டம் இருக்கும். போற போக்குல காதுல விழற சின்ன வசனங்களை ‘பார்க்’ (bark, அதாவது குரைப்பு)னு சொல்வாங்க, சண்டையில ஒருத்தன் “பின்னாடி பாரு!”ன்னு கத்தறானே, அது. ஒரே அர்த்தத்துல அத இருபது விதமா எழுதச் சொல்வாங்க, ஏன்னா ஒண்ணையே திரும்பத் திரும்பக் கேட்டா பிளேயருக்கு எரிச்சல் வரும். பலருக்கு முதல் வேலையே இதுதான் கிடைக்கும், இத கேவலமா நினைக்க வேண்டாம். ஆர்சன் ஸ்காட் கார்ட் பெரிய நாவலிஸ்ட், அவரே 1990-ல வந்த மங்கி ஐலண்ட் கேமோட வாள்சண்டைக்கு வசவு வசனம் எழுதிக் குடுத்திருக்கார், அந்தச் சண்டையில ஜெயிக்கறது வாளால இல்ல, எதிராளி திட்டினதுக்கு சரியான பதிலடி குடுத்தாதான்.

முழுக்க முழுக்க எழுத்தாளர் கையில ஒரு கேம் இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா டிஸ்கோ எலிசியம் விளையாடுங்க, 2019-ல வந்தது. ராபர்ட் குர்விட்ஸ் எஸ்டோனியாக்காரர், சின்ன வயசுலேர்ந்து நண்பர்களோட டேபிள்ல உக்காந்து பகடை உருட்டி விளையாடற ரோல்பிளேயிங்குக்காக ஒரு உலகத்தையே கட்டி வச்சிருந்தார், அந்த உலகத்துல 2013-ல ஒரு நாவல் போட்டார், ஆயிரம் காப்பி அளவுலதான் போச்சு. மனசு உடைஞ்சு கிடந்தவரை, இத கேமா பண்ணுன்னு தூண்டினவர் காவுர் கெண்டர், அவரும் ஒரு நாவலிஸ்ட்தான். கடைசியில வந்த கேம்ல பத்து லட்சத்துக்கும் மேல வார்த்தை இருக்கு. சண்டைக் காட்சின்னு தனியா ஒண்ணு கிடையாது, எல்லாமே பேச்சு. அந்த வருஷம் தி கேம் அவார்ட்ஸ்ல நாலு விருது, அதுல ஒண்ணு சிறந்த கதை சொல்லலுக்கு.

வார்த்தைக் கணக்க விடுங்க, அவங்க பண்ணின ஒரு மாற்றத்தைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். ரோல்பிளேயிங் கேம்ல வழக்கமா பலம் 5, புத்தி 7னு நம்பர் இருக்கும், அது பேசாது. இவங்க அந்தத் திறமைகளுக்கு வாய் குடுத்துட்டாங்க. மொத்தம் 24 திறமை, ஒவ்வொண்ணும் ஹீரோ மண்டைக்குள்ள ஒரு குரல். தர்க்கம் ஒண்ணு சொல்லும், பரிவு வேற சொல்லும், அதிகாரம் ‘அவன் உன்னை மதிக்கல, அடக்கு’ன்னு ஏத்தி விடும். எந்த நம்பரை ஏத்தறீங்களோ அந்தக் குரல் சத்தமா பேசும், எப்பவும் சரியா சொல்லும்னும் இல்ல. கேம் ஆரம்பத்துலயே ஹீரோ குடிச்சுக் குடிச்சு நினைவெல்லாம் போய் ஒரு ஹோட்டல் ரூம்ல எந்திரிப்பான், சீலிங் ஃபேன்ல அவன் டை மாட்டிக்கிட்டு சுத்திட்டு இருக்கும், அத எட்டிப் பிடிக்கப் போனா உடம்பு பலமில்லாம மாரடைப்புல சாகவும் வாய்ப்பு இருக்கு. கேம் தொடங்கின ரெண்டாவது நிமிஷத்துல டை எடுக்கப் போய் ஹீரோ செத்துட்டான்! இவன் எப்பேர்ப்பட்ட ஆளுங்கறதுக்கு ஒரு பக்கம் வர்ணனை எழுதியிருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சிருக்காது. நம்பரைக் குரலா மாத்தினதும் ‘டீ இல்லை’யும் ஒரே வம்சம்தான்னு எனக்குத் தோணும்.

வேற வழியிலயும் எழுத்தாளர்கள் வந்திருக்காங்க. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எல்டன் ரிங் கேமுக்கு எழுதினது கேம் தொடங்கறதுக்கு ரொம்ப காலம் முன்னாடி நடந்த புராணத்தை மட்டும், யார் யாருக்குப் பொறந்தாங்க, எந்தப் போர்ல என்ன உடைஞ்சுதுன்னு. அத வாங்கி வச்சுக்கிட்டு டைரக்டர் மியாசாகியும் ஃப்ரம்சாஃப்ட்வேர் டீமும் அந்த உலகம் சிதைஞ்சு போன பிறகு எப்படி இருக்கும்னு கேமை உருவாக்கினாங்க, பிளேயர் பாக்கிறது இடிபாட்டை மட்டும்தான். இது மார்ட்டின் அளவு பேர் இருக்கிறவங்களுக்குத்தான் நடக்கும், புதுசா வர்றவங்க இத எதிர்பாக்கக்கூடாது. ஜப்பான்ல நவோகி பரிசு வாங்கின கியோஷி ஷிகெமாட்சு லாஸ்ட் ஒடிஸிக்கு (2007) சிறுகதைகளாவே எழுதினார், ஆயிரம் வருஷம் சாகாம வாழற ஹீரோவோட நினைவுகள், நடுநடுவுல கேம் நின்னு ஸ்க்ரீன்ல எழுத்து மட்டும் வரும், படிக்கணும். நான் சாதாரணமா கேம்ல நீளமா படிக்க வைக்கறதுக்கு எதிரி, ஆனா அதுல சில கதைக்கு கண்ணு கலங்கிருச்சு. அதுக்கு நேர் எதிர் மார்க் லெய்ட்லா, நாவலிஸ்ட்டா இருந்து 1997-ல வால்வ் கம்பெனியில சேர்ந்து ஹாஃப் லைஃப் எழுதினவர். அதுல ஹீரோ ஒரு வார்த்தை பேச மாட்டான், கன்ட்ரோலைப் பிடுங்கிட்டு ஓட்டற சினிமாக் காட்சியும் கிடையாது, ஒரு டிராம் வண்டியில உக்கார வச்சு கதை நடக்கற ஆராய்ச்சி லேப் முழுக்கச் சுத்திக் காட்டறதுலயே கதை தொடங்கிடும். எழுத்தாளர் வந்து வார்த்தையைக் குறைச்ச கேம் அது. அதுவும் பங்களிப்புதான்.

காசு விஷயம் பேசாம இந்த பதிலை முடிக்க முடியாது. போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சாப்கோவ்ஸ்கியோட விட்சர் கதைகளை சிடி ப்ராஜெக்ட் கம்பெனி கேமாக்க வந்தப்ப லாபத்துல பங்கு தர்றோம்னாங்க, அவருக்குக் கேம் ஓடும்னே நம்பிக்கை இல்ல, மொத்தமா ஒரு தொகைய குடுங்கன்னு வாங்கிட்டார், 35,000 ஸ்லோட்டி (போலந்து காசு) அளவுன்னு செய்தியில வந்தது. 2007-ல முதல் கேம், 2015-ல மூணாவது, உலகம் பூரா கோடிக்கணக்குல வித்துது. 2018-ல அவர் வக்கீல் மூலமா குறைஞ்சது 6 கோடி ஸ்லோட்டி கேட்டு லெட்டர் போட்டார், வாங்கின தொகைக்கும் வந்த லாபத்துக்கும் ரொம்ப ஏற்றத்தாழ்வு இருந்தா திரும்பக் கேக்கலாம்னு போலந்து காப்புரிமைச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. 2019 டிசம்பர்ல ரெண்டு பக்கமும் புது ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. குர்விட்ஸ் கதை இன்னும் வேதனை, டிஸ்கோ எலிசியம் ஜெயிச்சு ரெண்டு வருஷத்துல அவர் அந்த ஸ்டூடியோவுலயே இல்ல, விஷயம் வழக்கு வரைக்கும் போச்சு. சம்பளத்துக்கு எழுதறது வேற, நீங்க பல வருஷமா வளத்த உலகத்தை உள்ள கொண்டு போறது வேற. ரெண்டாவது பண்றீங்கன்னா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி காப்புரிமை தெரிஞ்ச வக்கீல்கிட்ட காமிங்க. கதை உரிமையைக் குடுக்கறீங்களா, இல்ல கேம் பண்ற அனுமதி மட்டும் தர்றீங்களா, அடுத்த பாகம் வந்தா என்ன, கேம்ல உங்க பேர் எங்க எப்படி வரும், இதெல்லாம் எழுத்துல இருக்கணும்.

இப்ப எங்கேர்ந்து தொடங்கறது. ட்வைன்னு ஒரு டூல் இருக்கு, இலவசம், பிரௌசர்லயே ஓடும், கோடிங் தெரியாமலே கிளை பிரியற கதை எழுதலாம். அடுத்த படி இன்க், இங்கிள் ஸ்டூடியோ 80 டேஸ் மாதிரி அவங்க கேமுக்காக உருவாக்கி அப்புறம் எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டது, கேம் கம்பெனிகள்லயும் நிஜமாவே பயன்படுத்தறாங்க. தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ட்வைன் கதை பிரௌசர்ல ஓடறதால தமிழ் எழுத்து சரியா வரும். யூனிட்டின்னு கேம் பண்ற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதுல எழுத்தைக் காட்ட எல்லாரும் பயன்படுத்தற டெக்ஸ்ட்மெஷ்ப்ரோவுல தமிழைப் போட்டா கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும், கெ, கே, கை எல்லாம் குதறிப் போயிடும், தனியா ஏதாவது வழி பண்ணித்தான் சரி செய்யணும். கோடோ 4-ங்கற இன்னொரு கேம் சாஃப்ட்வேர்ல அந்தப் பிரச்சினை இல்ல. உங்களோட சேர்ற புரோகிராமர்கிட்ட இத முதல் நாளே கேளுங்க, கதை பூரா எழுதி முடிச்சதுக்கப்புறம் தெரிய வந்தா அழுகைதான் வரும்.

தமிழ் வாழ்க்கைய கேமுக்குள்ள கொண்டு வர முடியுமான்னு சந்தேகம் இருந்தா வெண்பா விளையாடிப் பாருங்க. டொரான்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல பண்ணினது, 80-கள்ல கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா குடுத்த சமையல் நோட்டு கிழிஞ்சு எழுத்து அழிஞ்சு கிடக்கும், மிச்சத்தை பிளேயர்தான் யோசிச்சு சமைக்கணும். பிளேயர் கையில இருக்கிற வேலையே கதையா இருக்கு. 2024-ல பிரிட்டனோட பாஃப்டா விருதுகள்ல சிறந்த அறிமுக கேம் விருது அதுக்குக் கிடைச்சது.

நீங்க பண்ண வேண்டியது, பத்து நிமிஷத்துல விளையாடி முடிக்கிற மாதிரி ஒரு சின்னக் கதை. ஒரே இடம், ரெண்டு கேரக்டர், பிளேயர் எடுக்கிற ஒரு முடிவு கடைசியில திரும்ப வந்து அவரைத் தொடணும். எழுதினதும் நாலஞ்சு பேரை விளையாட வச்சு பக்கத்துல உக்காந்து பாருங்க, வாயைத் திறக்காதீங்க, அவங்க எங்க நீங்க எழுதாத ஒண்ணைச் செய்யப் பாத்தாங்கன்னு மட்டும் குறிச்சுக்குங்க, அடுத்த வெர்ஷன் அந்தக் குறிப்புலேர்ந்து வரட்டும். அப்புறம் கேம் ஜாம். ரெண்டு நாள்ல ஒரு கேம் பண்ற கூட்டம், வருஷா வருஷம் ஜனவரியில குளோபல் கேம் ஜாம் பல நாட்டுல நடக்குது, இந்தியாவுலயும் நடக்குது, ஆன்லைன்ல இட்ச்.ஐஓ தளத்துல ஏதாவது ஒண்ணு எப்பவும் ஓடிட்டே இருக்கும். புரோகிராமர் வருவாங்க, ஆர்டிஸ்ட் வருவாங்க, எழுதற ஆளுதான் குறைவா இருப்பாங்க. எனக்கு எழுத வரும், இன்க் தெரியும், இதோ நான் பண்ணினதுன்னு அந்த லிங்க்கைக் காட்டுங்க, டீம்ல இடம் போட்டுக் குடுப்பாங்க.